கிடங்கில் நின்ற சுவேகாவுக்கு என்ன விலை?

2025-ஆம் ஆண்டு போகிக்கு முந்திய நாள், அம்பத்தூர் ஓ.டி.யில் உள்ள நம் பழைய கிடங்கைக் காலி செய்தோம். உடைந்த தராசுத் தட்டுகள், முத்திரை காலாவதியான எடைக்கற்கள், காலி எண்ணெய் டின்கள், எலி கடித்த சாக்கு, நாற்பது வருஷத்துப் பேரேடுகள், இவற்றுக்கெல்லாம் பின்னால் தார்ப்பாய் போர்த்தி ஒரு வண்டி நின்றது. தார்ப்பாயை இழுத்ததும் கடைப் பையன் சிரித்தான். "அண்ணாச்சி, இது சைக்கிளா, வண்டியா?" என்று கேட்டான்.

இரண்டும்தான். அது நம் தந்தையார் 1974-இல் வாங்கிய சுவேகா மொபெட்.

காயலான் கடைக்காரர் வந்து தூக்கிப் பார்த்தார். எடைக்குத்தான் எடுப்பேன், ஆயிரத்து இருநூறு தருகிறேன் என்றார். பழைய பேரேடுகளையும் சேர்த்துப் போட்டால் ஆயிரத்து ஐந்நூறு. நாமும் சரியென்று தலையாட்டியிருப்போம். அதற்குள் பக்கத்துக் கடைக்காரர் மகன் கைபேசியில் ஒரு படம் எடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டான். மாலை நாலு மணிக்கு அண்ணா நகரிலிருந்து ஒரு தம்பி காரில் வந்து இறங்கினார். கையில் டார்ச் விளக்கு, ஒரு துண்டு வெள்ளைத் தாள், பென்சில். வண்டியைச் சுற்றி வந்தார். பெயிண்டைத் தடவிப் பார்த்தார். சேசிஸ் எண் இருந்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தார். அரை மணி நேரம் கழித்து, "அண்ணாச்சி, ஆர்.சி. புக் இருந்தா நாற்பத்திரண்டாயிரம் தரேன். இப்பவே அட்வான்ஸ் போடவா?" என்றார்.

ஆயிரத்து இருநூறு எங்கே, நாற்பத்திரண்டாயிரம் எங்கே! நாற்பத்தைந்து வருஷமாகத் துவரம்பருப்பு, உளுந்து, மிளகாய் என்று விலை சொல்லிப் பழகியவர்கள் நாம். செங்குன்றத்தில் அரிசி என்ன விலைக்குப் போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். நம் சரக்கு ஒவ்வொன்றும் நாள் ஆக ஆக மதிப்பு குறையும். வண்டு விழும், எடை வற்றும், நிறம் மங்கும். கிடங்கில் கிடந்து விலை ஏறிய சரக்கை வாழ்நாளில் அன்றுதான் பார்த்தோம். அதனால்தான் இந்தக் கட்டுரை. நம் சங்க உறுப்பினர்களில் எத்தனையோ பேர் கிடங்கிலும் மாடிப்படிக்கு அடியிலும் இதுபோல ஒரு லூனாவோ சுவேகாவோ பழைய டி.வி.எஸ். 50-ஓ நிற்கும். காயலான் கடைக்குப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் இந்த வண்டியின் பூர்வீகம். சுவேகாவைத் தயாரித்தது திருப்பதியில் இருந்த மொபெட்ஸ் இந்தியா என்ற நிறுவனம். தொழில்நுட்பம் பிரான்ஸ் நாட்டு மோட்டோபெக்கான் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி 1949-இல் 'மொபிலெட்' என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பா கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம். கார் வாங்க வசதி இல்லை, சைக்கிளில் எட்டாத தூரம். அந்த இடைவெளியை நிரப்ப வந்தது மொபிலெட். ஒரு கோடிக்கு மேல் விற்ற வண்டி அது. உரிமம் பெற்றுப் பல நாடுகளில் செய்தார்கள். ஸ்பெயின் நாட்டில் எய்பார் என்ற ஊரில் காக் என்ற நிறுவனம் செய்தது. அந்த ஊரே துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போனது. காக் நிறுவனமும் துப்பாக்கியில் தொடங்கி, சைக்கிளுக்கு வந்து, அதன் பிறகு மொபெட்டுக்கு வந்தது. அதே ஸ்பெயினில் இன்னொரு புகழ்பெற்ற பெயர் டெர்பி. 'சைக்கிளிலிருந்து பிறந்தவை' என்று பொருள்படும் ஸ்பானிஷ் சொற்களைச் சுருக்கி வைத்த பெயராம் அது. 'மொபெட்' என்ற சொல்லும் மோட்டாரையும் பெடலையும் சேர்த்து ஒட்டியதுதான்.

வந்த தம்பி கைபேசியில் ஒரு படம் காட்டினார். ஸ்பெயினில் சேகரிப்பாளர்களுக்கென்று விற்பனைக்கு வந்திருந்த பழைய காக் மொபிலெட். நம் பணத்தில் லட்சத்தை ஒட்டிக் கேட்டிருந்தார்கள். நாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தோம். ஹேண்டில்பாரும் இஞ்ஜின் தொங்கும் விதமும் பெல்ட்டும் பெடலும் நம் சுவேகாவுக்கு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். எய்பாரில் ரொட்டிக்கடைக்காரர் ஓட்டியதையும் அம்பத்தூரில் பருப்பு வியாபாரி ஓட்டியதையும் ஒரே தாய் பெற்றிருக்கிறாள்.

தந்தையார் இதை வாங்கிய காரணத்தையும் சொல்ல வேண்டும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் விலை ஏறியது. ஸ்கூட்டர் வாங்கும் எண்ணத்தை அதோடு விட்டார். அப்போதெல்லாம் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். "ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு, பெட்ரோல் தீர்ந்தா மிதிச்சுக்கிட்டுப் போவேன்" என்றார். சுவேகாவில் இஞ்ஜினைப் பிரித்துவிட்டுச் சைக்கிள் போலவே மிதிக்கலாம். தெற்கேயிருந்து ஒரு துணிப்பையோடு வந்து கடை வைத்தவருக்கு அந்த வசதி பெரிதாகப் பட்டது.

அந்தக் காலத்து எம்.டி.எச். ரோட்டை நினைத்துப் பாருங்கள். பாடியில் சுந்தரம் கிளேட்டன், லூகாஸ். கொஞ்சம் தள்ளி பிரிட்டானியா. இந்தப் பக்கம் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், தொழிற்பேட்டை. அந்தப் பக்கம் ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை. ஷிப்ட் விடும் நேரத்தில் ரோடு முழுக்க சைக்கிள்கள்தான். சங்கு ஊதினால் கரை உடைந்த ஏரி மாதிரி வரும். அம்பத்தூரில் அன்று சென்னை மாநகராட்சி கிடையாது, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தோம். அந்தச் சைக்கிள் கூட்டத்தின் நடுவில் 'டுர்ர்' என்று போகும் நம் தந்தையாரின் சுவேகாவைப் பார்த்துச் சிறு கடைக்காரர்கள் "வசூல் வண்டி வருது" என்பார்கள். திங்கள் ஆவடி, பட்டாபிராம். செவ்வாய் திருமுல்லைவாயில். புதன் பூந்தமல்லி, திருவேற்காடு. காலையில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குச் சரக்கு பார்க்கப் போவதும் அதில்தான். கேரியரில் பதினைந்து கிலோ எண்ணெய் டின் இரண்டைக் கட்டிக்கொண்டு பாடி மேட்டில் ஏறும்போது இஞ்ஜின் மூச்சு வாங்கும். உடனே தந்தையாரும் பெடல் போட்டு ஒத்தாசை செய்வார். மனிதனும் இயந்திரமும் பாதிப் பாதி உழைத்த வண்டி அது. மழைக் காலத்தில் மட்டும் பெல்ட் நழுவி மானத்தை வாங்கும்.

பிறகு 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரலாம் என்று சொல்லி வந்த மொபெட். அதோடு சுவேகாவின் கதை இறங்குமுகம். 1972-லேயே வந்துவிட்ட லூனாவும் போட்டிக்கு இருந்தது. அது இத்தாலிய பியாஜியோவின் சியாவோ என்ற வண்டியின் வாரிசு. நம் சென்னை என்ஃபீல்டு கம்பெனிகூட 'மோஃபா' என்று 22 சி.சி.யில் ஒரு குட்டி வண்டி விட்டது. புல்லட் செய்கிறவர்கள் கொசு செய்து பார்த்தார்கள் என்று அப்போது கேலி பேசினோம். நாமும் 1983-இல் டி.வி.எஸ். 50 வாங்கினோம். சுவேகா கடைப் பையன்களிடம் போய், 1988 வாக்கில் கிடங்குக்குள் போயிற்று. காய்கறிக்காரர்கள் கொத்தவால் சாவடியை விட்டு 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனபோது அவர்களைச் சுமந்ததும் பெரும்பாலும் டி.வி.எஸ். மொபெட்தான். இன்று நம் கடை வாசலில் நிற்பதும் 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ரகம்தான். சிப்பம் சிப்பமாக ஏற்றினாலும் முனகாது. 2024-இல் லூனா என்ற பெயரையே மின்சார வண்டிக்கு வைத்து மறுபடி விற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இனி ஆர்.சி. விஷயம். தம்பியை "நாலு நாள் பொறுங்க, தேடிப் பார்க்கிறேன்" என்று அனுப்பினோம். அட்வான்ஸ் வாங்கவில்லை. காகிதம் கையில் இல்லாமல் முன்பணம் வாங்குவது சரக்கு வராமல் பில் போடுவது மாதிரி. தந்தையாருக்கு ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான காகிதம் எதுவானாலும் அந்த வருஷத்துப் பேரேட்டின் பின்னட்டையில் உறை ஒட்டி அதற்குள் வைப்பார். காயலான் கடைக்காரரிடம் போக இருந்த மூட்டையைப் பிரித்து 1974-இலிருந்து புரட்டினோம். அந்த வருஷத்தில் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். 1979 பேரேட்டின் பின்னட்டையில் இருந்தது.

1979 என்றதுமே நமக்கு வயிற்றைக் கலக்கியது. காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நம் வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியாது.

அந்த வருஷம் நமக்கு இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக் கடையில் உட்கார்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை தந்தையாருக்குக் காய்ச்சல். வசூலுக்கு நாம் போனோம். சுவேகா டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்தேதான் ஊற்ற வேண்டும். ஆயிலுக்கென்று தனித் தொட்டி கிடையாது. அந்தக் கலவைதான் பிஸ்டனுக்கு வழுவழுப்புக் கொடுப்பது. ஆவடியில் பெட்ரோல் போடும்போது யாரோ நண்பர் கூப்பிட, பேச்சு சுவாரசியத்தில் ஆயில் ஊற்ற மறந்தோம். பட்டாபிராம் தாண்டி வரும்போது கிறீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் இழுபட்டு நின்றது. வெறும் பெட்ரோலில் ஓடிய பிஸ்டன் சூட்டில் பருத்து, சிலிண்டரில் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் பார்த்துவிட்டுக் கனெக்டிங் ராடும் போய்விட்டது, பார்ட்ஸ் வரவழைத்துச் செய்ய நாலைந்து நாள் ஆகும் என்றார். நாலைந்து நாள் வண்டி இல்லையென்றால் தந்தையாருக்குத் தெரிந்துவிடும். அவர் ஒருமுறைகூட ஆயில் ஊற்ற மறந்ததில்லை.

வண்டியை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி, பிறகு லாரி பிடித்துப் புதுப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். அங்கே பழைய சுவேகா இஞ்ஜின் ஒன்று கிடைத்தது. நம் இஞ்ஜினை எடுத்துக்கொண்டு, மேலே இருநூற்று எழுபத்தைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தார்கள். பில் கிடையாது. அந்தப் பணம் வசூல் பையிலிருந்து எடுத்தது. ராத்திரி கணக்கு ஒப்படைக்கும்போது, பட்டாபிராமில் ஒரு கடைக்காரர் பாக்கி தரவில்லை, அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார் என்று பொய் சொன்னோம். அவர் கடனே வைக்காத மனிதர். முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்திருந்தார்.

பிறகு நம் கைச்செலவுப் பணத்தை மிச்சம் பிடித்து, பட்டாபிராம் கடை வசூல் என்று சொல்லி ஐம்பது ஐம்பதாகக் கட்டினோம். ஆறு மாதம் ஆயிற்று. தந்தையார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டோம். அவர் போய்ச் சேர்ந்தே இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நாற்பத்தைந்து வருஷம் கழித்து அந்தப் பேரேட்டைத் திறந்து பட்டாபிராம் கடைக்காரர் பக்கத்தைப் பார்த்தோம். அந்தத் திங்கட்கிழமைத் தேதியில் முழுத் தொகையும் வரவு. பாக்கி இல்லை. பக்கத்தைப் புரட்டினால் நம் பெயரில் ஒரு தனிக் கணக்கு. அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. முதல் வரி, 'சுவேகா இஞ்ஜின் வகை, பற்று 275'. அதற்குக் கீழே ஐம்பது, ஐம்பது, ஐம்பது என்று வரவு, கடைசியில் இருபத்தைந்து. அடியில் இரட்டைக் கோடு போட்டு 'நேர்' என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடைக்காரர் மறுநாளே சொல்லியிருக்க வேண்டும். அல்லது இவரே போய் விசாரித்திருக்க வேண்டும். ஒரு நல்ல வாடிக்கையாளர் பேரில் பொய்ப் பாக்கி ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்று சரி செய்துவிட்டு, மகன் கடனை மகன் பேரிலேயே எழுதி, அவனாகக் கட்டி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு சீட்டும் இருந்தது. அதில் பழைய இஞ்ஜின் எண், அதன் மேல் ஒரு கோடு, கீழே புதிய இஞ்ஜின் எண். இவர் எப்போது குனிந்து அதைப் பார்த்தார்!

கிடங்கிலேயே கொஞ்ச நேரம் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டோம். கடைப் பையன் தூசு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

வியாபாரத்துக்கு வருவோம். இஞ்ஜின் மாற்றினால் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும். நாம் பதியவில்லை. தந்தையாரும் பதியவில்லை. ஆக, ஆர்.சி.யில் ஒரு எண், வண்டியில் வேறு எண். வந்த தம்பி சேசிஸ் எண்ணுக்குத்தான் அச்செடுத்தார். இஞ்ஜின் எண் மேல் முப்பத்தைந்து வருஷத்துக் கரியும் கிரீசும் அப்பியிருந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

நம் மகன், "சொல்லாம விட்டா என்னப்பா? பழைய வண்டி, அவர்தானே பார்த்து வாங்கணும்?" என்றான். கேள்விப்பட்டு வந்த ஒரு பட்டறைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். "ஐந்நூறு ரூபா கொடுங்க, பழைய நம்பரையே இஞ்ஜின்ல குத்திக் கொடுத்துடறேன்" என்றார். உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும், இந்த வேலைக்கு மட்டும் யாரும் துணை போகாதீர்கள். எண்ணைத் திருத்துவது குற்றம். ஐந்நூறு ரூபாயில் செய்து கொடுக்கிறவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களோடு வர மாட்டார்.

நாலாம் நாள் தம்பி வந்தார். காபி கொடுத்து உட்கார வைத்து, ஆர்.சி.யையும் அந்தச் சீட்டையும் முன்னால் வைத்தோம். "தம்பி, இஞ்ஜின் இந்த வண்டியோட பொறந்தது இல்ல. 1979-ல மாத்தினது. நான்தான் மாத்தினேன்" என்றோம். தம்பி முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் விளக்கியதை நாமும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சேர்த்து எழுதுகிறோம்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். பதிவு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு ஐயாயிரம். அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு என்று எடுக்கலாம். முக்கியமான நிபந்தனை, வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும். சேசிஸ், உடல், இஞ்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. நம் சுவேகா 2024-இல் ஐம்பது வருஷத்தைத் தாண்டியது. அதனால்தான் தம்பி நாற்பத்திரண்டாயிரம் வரை வந்தார். இஞ்ஜின் வேறு என்றதும் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. அதே கம்பெனி, அதே ரக இஞ்ஜின்தான் என்றாலும் அலுவலகத்தில் கேள்வி வரும். அது இல்லாவிட்டாலும் சேகரிப்பவர்கள் உலகில் எண் ஒத்துப்போகும் வண்டிக்கு ஒரு விலை, ஒத்துப்போகாததற்கு வேறு விலை. பாலிஷ் போட்ட பருப்புக்கும் போடாததற்கும் நாம் வைக்கிற வித்தியாசம் மாதிரி.

"பதினெட்டாயிரம் தரலாம் அண்ணாச்சி. அதுவும் பெயிண்ட் அசலா இருக்கறதால" என்றார்.

பெயிண்ட் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். பழைய வண்டியை விற்கப் போகிறோம் என்று பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். நாம் அப்படித்தான் செய்ய இருந்தோம். மூவாயிரம் செலவழித்து விலையைக் குறைத்துக்கொள்ளும் காரியம் அது. கம்பெனியில் அடித்த பெயிண்ட் மங்கலாக இருந்தாலும் அதைத்தான் விரும்புகிறார்கள். எழுத்து ஸ்டிக்கர், விளக்குக் கண்ணாடி, டூல்ஸ் பை, வாங்கிய பில், டீலர் ஒட்டிய தகடு, எதையும் கழற்றாதீர்கள், எறியாதீர்கள். துடைத்து, டயரில் காற்று அடித்து நிழலில் நிறுத்தினால் போதும்.

அடுத்தது பேர் மாற்றம். வண்டி தந்தையார் பெயரில் இருக்கிறது. உரிமையாளர் காலமானபின் நேரே மூன்றாம் நபருக்கு விற்க முடியாது. முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு பதினைந்து வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், அது படிவம் 25. அதெல்லாம் முடிந்தபின்தான் விற்பனைக்கான 29, 30 படிவங்கள். 1989-க்கு முந்திய பழைய எண் கொண்ட வண்டிகள் பல இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. பழைய ரிஜிஸ்தரைத் தேடி ஏற்ற வேண்டியிருக்கும். பொறுமை வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, காசை வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். பூந்தமல்லிப் பக்கம் நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, பெயரை விட்டுவிடுவோம், பழைய மொபெட்டை ஒரு தரகரிடம் எட்டாயிரத்துக்குக் கொடுத்தார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். தரகர் பேர் மாற்றவே இல்லை. கைமாறிக் கைமாறி யாரோ ஓட்டி யாரையோ இடித்தார்கள். இன்சூரன்ஸ் இல்லை. கோர்ட் நோட்டீஸ் நம் வியாபாரி வீட்டுக்கு வந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று. எட்டாயிரத்துக்கு விற்ற வண்டிக்காக அவர் வக்கீல் வீட்டுக்கு நடந்த செலவே அதைப் போலப் பல மடங்கு ஆயிற்று.

ஆகவே நாம் வாரிசு வேலையைத் தொடங்கினோம். கோவையில் உள்ள அண்ணன் மறுபேச்சில்லாமல் சம்மதக் கையெழுத்து அனுப்பினார். தங்கை நேரிலேயே வந்தாள். கையெழுத்துப் போடுமுன் பேரேட்டைக் காட்டு என்றாள். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்ணே. அப்பா அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தாங்க. 'சின்னவன் அம்பது ரூபா கட்டிட்டான்'னு ஒவ்வொரு மாசமும் சொல்லிச் சிரிப்பாங்க" என்றாள். ஆக, வீட்டில் தெரியாத ஒரே ஆள் நாம்தான்.

தம்பி இப்போது பதினெட்டாயிரத்துக்கு அவசரப்படுத்துவதில்லை. அவருக்கு வேறொரு யோசனை வந்துவிட்டது. புதுப்பேட்டையில் நாம் கொடுத்துவிட்டு வந்த இஞ்ஜின் சூட்டில் பிடித்துக்கொண்டதுதானே தவிர, வெளிக்கூடு உடையவில்லை. அந்தக் காலத்தில் சிலிண்டரை ரீபோர் செய்து, ராடு மாற்றி இன்னொரு சுவேகாவில் மாட்டியிருப்பார்கள். எண் குத்திய கூடு அப்படியே இருக்கும். அந்த வண்டி சென்னைப் பக்கம் எங்காவது ஒரு கிடங்கில் நின்றாலும் நிற்கலாம். அது கிடைத்தால் இரண்டு வண்டியின் இஞ்ஜினையும் மாற்றிக்கொள்ளலாம், இரு தரப்புக்கும் லாபம், பழைய விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். நமக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

எனவே ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், பூந்தமல்லி, மாங்காடு, செங்குன்றம் பகுதி உறுப்பினர்கள் வீட்டிலோ கடையிலோ சுவேகா மொபெட் இருந்தால், இஞ்ஜின் மேல் உள்ள கரியைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எண்ணைப் பார்க்கவும். நம் பழைய இஞ்ஜினின் எண்ணைத் தந்தையார் எழுதிய சீட்டின் நகலாகச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம். ஒத்துப்போனால் மாலை ஆறு மணிக்கு மேல் அலுவலகத்தில் தகவல் சொல்லவும். வண்டி நம் கடை முன்பக்கம் எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் பெடலை மட்டும் மிதித்துப் பார்க்க வேண்டாம், செயின் காய்ந்திருக்கிறது.